முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர்

பெண்ணின் பெயர் ‘ச’வில் தொடங்கும். அதுவரைக்கும் பேராசிரியர் அறவாழிக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. சங்கரி இல்லை. சரளா இல்லை. செண்பகமாக இருக்கலாம் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். சொன்ன உடனே செண்பகம் தன் கடைசி மைத்துனியின் பெயர் என்பதும், அவள் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டு எழுந்ததும் நினைவுக்கு வந்தன. முப்பது வருஷத்துக்கு முந்தைய ரசம் இருக்கிறது. காலையில் விருந்தினர் விடுதி வாசலில் கைகூப்பி, “வணக்கம் ஐயா, நான்தான்...” என்று தொடங்கி இந்தப் பெண் சொன்ன பெயர் இல்லை. ‘நான்தான்’ வரைக்கும் அவள் குரலின் நடுக்கத்தோடு காதில் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு பைக் போனது. உண்மையிலேயே போனதா, போனதாக இப்போது வைத்துக்கொள்கிறோமா என்று யோசித்தார். அவள் மேடையின் இடது ஓரத்தில் மைக் முன்னால் நின்று தன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டொக்கென்றது. அவள் பெயர் அவருக்குப் பின்னால் இருந்தது. பின்சுவரில் கட்டியிருந்த பதாகையில் பல்கலைக்கழக முத்திரை, ‘பொது வாய்மொழித் தேர்வு’ என்ற தலைப்பு, ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், புறத்தேர்வாளராக அவருடைய பெயர், எல்லாம் கையகல எழுத்தில் இருந்தன. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் பக்கத்து நாற்காலியில் நெறியாளர் கனகசபை, ஆறு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவர். மேடையேறும்போது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவும் செய்தார். தன் பெயருக்கு முன்னால் ‘கவனகச் செம்மல்’ பட்டம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தார். போட்டிருந்தார்கள். அதோடு பார்வை போதும் என்று திரும்பிவிட்டது.

கழுத்தைத் திருப்புவது பெரிய காரியமில்லை. துண்டைச் சரிசெய்வதுபோலத் திரும்பலாம், பின்னால் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பலாம். ஆனால் அவர் அறவாழி. கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் வாய்மொழித் தேர்வுக்கு வருகிற அறவாழி. ஆய்வேட்டை ஒரே முறை படித்துவிட்டு அறையிலேயே வைத்துவிட்டு வருவார். வந்து, இயலும் பக்கமும் சொல்லிக் கேள்வி கேட்பார். எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று, ஆய்வாளரின் முழுப்பெயர், ஆய்வேட்டின் தலைப்பு, ஒவ்வோர் இயலின் தலைப்பு என்று மூச்சுவிடாமல் அடுக்கி, “முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்” என்று முடிப்பார். கூட்டம் கைதட்டுவது பட்டத்துக்கா அடுக்கியதற்கா என்று தெரியாது. அதைக் கேட்பதற்கென்றே பிற துறை மாணவர்கள் வந்து கடைசி வரிசையில் நிற்பார்கள். இன்றைக்கும் நிற்கிறார்கள். ஒரு பையன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறான். ஆய்வேடு விடுதி அறையில், கட்டிலில், பச்சை உறையில் கிடக்கிறது. அவருக்கு எதிரே மேசையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பூங்கொத்து, அவ்வளவுதான். எழுத்தென்று எதிரே இருந்தது தண்ணீர்ப் புட்டியின் லேபிள் ஒன்றுதான். அவர் அதை மூன்றாம் முறையாகப் படித்தார். திறந்தபின் ஒரே நாளில் பருகவும்.

காலையில் விடுதியில் பொங்கல் சாப்பிடும்போது கனகசபை சொன்னார், “நீ கேக்கிற கேள்வி எல்லாம் உனக்குப் பதில் தெரிஞ்ச கேள்விவே. பதில் தெரிஞ்சவன் எதுக்குவே கேக்கணும்?” மிளகை ஒதுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே சொன்னார். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து கனகசபை மிளகை அப்படித்தான் அடுக்குவார். “அவங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான்வே தேர்வு,” என்றார் அறவாழி. “அப்போ அது போலீஸ் வேலை,” என்றார் கனகசபை. இருவரும் சிரித்தார்கள். கனகசபைக்கு எதுவும் நினைவில் நிற்காது. ஒரு பாட்டு முழுசாகச் சொல்லத் தெரியாது. எதைப் படித்தாலும் அட்டையில் எழுதுவார், அட்டைகளைச் செருப்பு வாங்கிய காலிப் பெட்டிகளில் போட்டு வைப்பார். ‘செருப்புக்கடை அறிஞர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தது அறவாழிதான். அது மாநிலம் முழுக்கப் பரவியது. கனகசபையின் பணி ஓய்வு விழாவிலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்கள், கனகசபையும் சிரித்தார். மேடைகளில் அறவாழிக்கு ஒரு வாடிக்கையான பேச்சு உண்டு. அறிஞர்கள் மூன்று வகை என்று ஆரம்பிப்பார். ஒருவர் சரக்கு ரயில், ஊரில் உள்ள சரக்கெல்லாம் அவருக்குள் இருக்கும். இன்னொருவர் டிக்கெட் பரிசோதகர், அவரிடம் ஒரு சரக்கும் இருக்காது, ஆனால் யாரிடம் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். இங்கே கூட்டம் வெடித்துச் சிரிக்கும். மூன்றாவது, என்று இப்போது நினைத்துப் பார்த்தார். மூன்றாவது யார்? மூன்றாவதாக என்ன சொல்வேன்? எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். சரக்கு ரயில், பரிசோதகர், அப்புறம். சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமாகும், அதற்குள் அடுத்த நகைச்சுவைக்குப் போய்விடுவார். அப்படியானால் மூன்றாவதை எப்போதாவது சொன்னோமா? மூன்றாவது ஒன்று மறந்துபோனதா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா? மறந்துபோயிருந்தால் நோய். இல்லவே இல்லை என்றால், அதை என்னவென்று சொல்வது.

டொக். மின்விசிறி. ‘ச’ இல்லாமல் ‘ய’வாக இருக்குமோ? யாழினி. இந்த வயதுப் பெண்களுக்கு யாழினி என்று வைக்கமாட்டார்கள், முப்பத்தைந்து இருக்கும். கயல்விழி. பூங்கொடி. தேன்மொழி. நல்ல பெயர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்று, நானில்லை நானில்லை என்று விலகிப் போயின. வீட்டில் என்றால் மனைவி மங்கை இருக்கிறாள், இந்தத் தொல்லை இல்லை. மங்கையர்க்கரசி இப்போதெல்லாம் வாசலில் யார் வந்தாலும் உள்ளே பார்த்து உரக்கச் சொல்கிறாள், “நம்ம சம்பந்தி ராமலிங்கம் வந்திருக்காருங்க.” “தபால்காரர் இசக்கி வந்திருக்காருங்க.” எப்போதிலிருந்து அப்படிச் சொல்ல ஆரம்பித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை, அவரும் எதையும் சொல்லவில்லை. நேற்றுப் பெட்டியில் வேட்டியை வைத்துக்கொண்டே, “நானும் கூட வரட்டுமா?” என்றாள். “வாய்மொழித் தேர்வுக்குப் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போற புறத்தேர்வாளர் எவனாவது உண்டா?” என்று கத்திவிட்டார். அவ்வளவு சத்தம் தேவையில்லை. அவள் வேட்டியின் மடிப்பை ஒருமுறை தடவிவிட்டுப் பெட்டியை மூடினாள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“...இனி நான்காம் இயல், கவனகர்கள்,” என்றாள் அந்தப் பெண். அவர் நிமிர்ந்தார். இதற்காகத்தானே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். புலவர் என்று ஊர் யாரையெல்லாம் சொன்னது, எதற்காகச் சொன்னது என்பது அவள் ஆய்வு. உரை எழுதியவர்கள், ஏடு பெயர்த்து எழுதியவர்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்கள் என்று இயல் இயலாகப் போய், நான்காவதாகக் கவனகர்களுக்கு வந்திருந்தாள். கவனகரிடம் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்து வகையாகக் கேட்பார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்கு போடச் சொல்வார், ஒருவர் நினைத்த நேரத்தில் மணி அடிப்பார், ஒருவர் பின்னால் நின்று முதுகில் சின்னக் கல்லாக எறிவார். கடைசியில் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், முதுகில் விழுந்த கல் எத்தனை என்பது உட்பட. இருபது வயதில் கல்லூரி மேடையில் அவர் அதைச் செய்தார். கல் எறிந்தது கனகசபை. புளியங்கொட்டை அளவுக் கல். சட்டைக்கு மேலே, தோள்பட்டைக்குக் கீழே, ஒவ்வொன்றாக. வெண்பாவின் மூன்றாம் சீரைத் தேடும்போது ஒன்று, மணிச்சத்தத்தோடு ஒன்று. எல்லாம் முடிந்து அவர் ஓர் எண்ணைச் சொன்னார். “சரி!” என்று பின்னாலிருந்து கனகசபை கத்தினார். கூட்டம் எழுந்து நின்றது. கவனகச் செம்மல் அன்றைக்குப் பிறந்தவர்தான். வெகு காலம் கழித்து ஒரு ரயில் பயணத்தில் கனகசபை சாவகாசமாகச் சொன்னார், “நான் எங்கவே எண்ணினேன்? பாதியில விட்டுப்போச்சு. நீ சொன்னதுதான் கணக்குன்னு சரின்னுட்டேன்.” அறவாழி அதற்கும் சிரித்தார். இப்போது, அந்தப் பதாகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, தோள்பட்டைக்குக் கீழே அதே இடத்தில் குறுகுறுத்தது. அந்த எண் சரியாக இருந்ததா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும்.

அவள் முடித்தாள். கனகசபை மைக்கைத் தட்டிப் பார்த்து, “புறத்தேர்வாளர் ஐயா வினாக்களைத் தொடங்கலாம்,” என்றார். அறவாழியின் குரல் தானாக எழுந்து வந்தது, அதற்கு எந்தக் குறையும் இல்லை, மேடைக் குரல். “நான்காம் இயலில் கவனகர்களைப் புலவர் வரிசையில் வைத்திருக்கிறீர்கள். நினைவாற்றல் ஒரு வித்தை. அதைப் புலமை என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்?” கடைசி வரிசையில் அசைவு. முதல் வரிசை நுனியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், அந்தப் பெண்ணின் அப்பாவாக இருக்க வேண்டும், மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிக்கொண்டார். பையிலிருந்து பொன்னாடையின் சரிகை நுனி எட்டிப் பார்த்தது. அவர் போட்டிருந்த புதுச்சட்டையில் கடையில் மடித்த மடிப்பு இன்னும் போகவில்லை.

“நினைவாற்றலுக்காக இல்லை ஐயா,” என்றாள் அவள். “அது மறந்து போகக்கூடியது. நான் பார்த்த வரைக்கும், ஊர் கவனகரைப் புலவர் என்றது வேறொன்றுக்காக. பத்துப் பேர் கூப்பிடும்போது, ஒருத்தரைக்கூட விட்டுவிடாமல் அத்தனை பேருக்கும் அவர் காது கொடுக்கிறார். முதுகில் கல் எறிகிறவனுக்கும் கொடுக்கிறார். அந்தக் கவனிப்புதான் புலமை. கடைசியில் திருப்பிச் சொல்வது, கவனித்தேன் என்று காட்டுவதற்கு மட்டும்தான்.”

மறந்து போகக்கூடியது. அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், பால் திரியக்கூடியது என்பதுபோல. அறவாழி தலையசைத்தார். அசைத்த தலை நிற்க நேரமானது. காது கொடுப்பது. மணியடித்தவன் முகம் நினைவிருக்கிறதா? ஈற்றடி கொடுத்த ஆசிரியர் என்ன சட்டை போட்டிருந்தார்? ஒன்றும் இல்லை. மேடையில் அவருக்கு எண் மட்டும்தான் இருந்தது, எண்ணைச் சொன்னதும் வரப்போகிற சத்தம்தான் இருந்தது. காலையில் ஒரு பெண் கைகூப்பிப் பெயர் சொல்கிறாள், அவர் அவளுக்குப் பின்னால் நின்ற காரின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பைக் போகவில்லை. எந்தப் பைக்கும் போகவில்லை. அப்படியென்றால் இது மறதியே இல்லையோ என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, பிறகு அது மறதியைவிட மோசம் என்று பட்டது. கூடத்தில் யாரோ ஓர் இளைய ஆய்வாளர் எழுந்து, முந்தின நாளே சொல்லிக்கொடுத்து வைத்த கேள்வி ஒன்றை ஒப்பித்தார். இந்தத் தேர்வுகளில் அது வழக்கம்தான். அவள் பதில் சொன்னாள். இன்னொருவர் எழுந்தார். பதில் சொன்னாள். சப்தங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன, அவர் மங்கை பெட்டியை மூடிய சத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சிவகாமி. சிவகாமியாக இருக்குமோ. சிவகாமி என்று சொல்லி, அது தப்பாக இருந்து, கூட்டம் மொத்தமும் அவர் தலைக்கு மேலே பதாகையில் சரியான பெயரைப் படித்துக்கொண்டிருந்தால்.

“புறத்தேர்வாளர் ஐயா, வேறு ஏதாவது?” கனகசபையின் குரல்.

அவர் கனைத்துக்கொண்டார். நல்ல வேளை, கேட்பதற்கு ஒரு கேள்வி தயாராக இருந்தது, நாக்கு நுனியில், சீராக. “நான்காம் இயலில் கவனகர்களைப் புலவர் வரிசையில் வைத்திருக்கிறீர்கள். நினைவாற்றல் ஒரு வித்தை. அதைப் புலமை என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்?”

மின்விசிறி டொக்கென்றது. அந்தச் சத்தம் இத்தனை பெரிதாக இதுவரை கேட்கவில்லை. துணிப்பையைத் தடவிக்கொண்டிருந்த கிழவரின் கை நின்றுவிட்டது. அந்தப் பெண் நெறியாளரைப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள்? எளிய கேள்விதானே. கடைசி வரிசையில் ஒருவன் இன்னொருவன் காதில் சொன்னது, சொன்னவன் நினைத்ததைவிடத் தெளிவாக மேடைக்கு வந்தது. “ரெண்டாந்தடவ கேக்காருல. மடக்கப் போறாரு பாரு.”

ரெண்டாந்தடவை. தண்ணீர்ப் புட்டியை எடுக்கக் கை போனது, எடுக்காமல் திரும்பி வந்தது. இரண்டாம் தடவையா? எப்போது முதல் தடவை? காது கொடுப்பது, மறந்து போகக்கூடியது, ஆமாம், அவள் சொன்னாள். சொன்னதெல்லாம் சொல் சொல்லாக இருக்கிறது. கேட்டது மட்டும் இல்லை. பதில் இருக்கிறது, கேள்வி போய்விட்டது.

“ஐயா,” என்றாள் அவள். மைக்கில் அவள் மூச்சு மோதியது. “முதலில் சொன்னது சரியாக இல்லை என்று தெரிகிறது. நான்... அதற்கு அடிப்படை போதாதுதான். கவனகரைப் புலவர் என்று சொல்லியிருக்கக் கூடாது.” இதுவரை புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்த குரல் அங்கே உடைந்தது. “அந்த இயல எடுத்துருதேன் ஐயா. மத்தது எல்லாம் சரியா இருக்கும். அத மட்டும் எடுத்துருதேன்.”

கூடத்தில் ஒரு முனகல் ஓடியது, பாதி இரக்கம், பாதி வியப்பு. வியப்பு அவர்மேல். கைப்பேசிப் பையன் இன்னும் உயர்த்திப் பிடித்தான். அறவாழிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. தலையை மட்டும் அசைத்தால் போதும். சரி, எடுத்துவிடுங்கள் என்றால் போதும். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டு ஓர் இயலையே உதிர வைத்த அறவாழி என்று நாளைக்குப் பத்து ஊரில் பேசுவார்கள். இதுவும் கதையாகிவிடும். கனகசபைக்குத் தெரியும், அவர் சொல்லமாட்டார், அன்றைக்கு ‘சரி’ என்று கத்தியவர்தானே. அவள் கை மைக் தாங்கியைப் பற்றியிருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவர் தன் கையைப் பார்த்தார். அது மேசை விளிம்பை அதேபோலப் பற்றியிருந்தது.

கனகசபை மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார். “நான் முடிச்சு வைக்கட்டாவே?” குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. எவ்வளவு நாளாக இவனுக்குத் தெரியும்?

“வேண்டாம்,” என்றார் அறவாழி. எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

“எடுக்க வேண்டாம்மா,” என்றார். மேடைக் குரலைத் தேடினார், அது வரவில்லை, வீட்டில் பேசுகிற குரல்தான் வந்தது. “முதல்ல சொன்னீங்களே, அதுதான் பதில். நல்ல பதில். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. நான் ஒரு தடவை கேட்டதை மறந்துட்டேன். மறந்துதான் திரும்பக் கேட்டேன்.”

சிலர் சிரித்தார்கள். பெரியவர் அடக்கமாக ஏதோ நகைச்சுவை சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. பையன் கைப்பேசியைத் தாழ்த்தினான்.

“பரிந்துரைக்கிறேன்,” என்றார். வாக்கியம் தலைகீழாக வந்துவிட்டது. கடைசியில் வர வேண்டிய சொல் முதலில் வந்து நிற்கிறது, முன்னால் வர வேண்டியது பின்சுவரில் தொங்குகிறது. இப்போதும் திரும்பலாம். இரண்டு நொடி. முதுகில் அந்த இடம் குறுகுறுத்தது. அவர் திரும்பவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு, மைக்கின் வட்டத்தைவிட்டு வெளியே, அவள் நின்ற இடது ஓரத்துக்கு நடந்தார். அவள் பயந்து அரை அடி பின்வாங்கினாள். நெற்றியில் வியர்வை மணி, மூக்குத்தியில் சின்னச் சிவப்புக் கல், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. காலையிலும் இதெல்லாம் இருந்திருக்கும்.

“உங்க பேரு என்னம்மா?”

மேடையில் கனகசபை தலையைத் தூக்கினார். முன்வரிசைக் கிழவர், தன்னைக் கேட்டதுபோல, பையோடு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண் ஒருமுறை அறவாழிக்குப் பின்னால் இருந்த பதாகையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பதாகையைப் பார்க்கவில்லை. அவர் காதை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“முத்துப்பேச்சி, ஐயா,” என்றாள்.

அந்த நேரத்தில் பைக் எதுவும் போகவில்லை.